புதன்கிழமைக் கிணறு

1

ஊஞ்சக்காட்டில் பள்ளிக்கூடம் வந்திருக்கிறதாம். நான் நம்பவில்லை.

மலாயா சுதந்திரம் அடைந்து முதல் வருடம் நிறைகிற வாரம் அது. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் சாலையில் கம்பத்துக்குக் கம்பம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு நுழைந்தபோது, மேசைமேல் நீலநிற விமானத் தபால் ஒன்று கிடந்தது. இருபத்தோரு வருடமாக எனக்கு ஊரிலிருந்து ஒரு காகிதம் வந்ததில்லை. நானும் போட்டதில்லை. அதனால் உடனே பிரிக்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பி, ஒட்டின இடத்தை யாராவது முன்பே பிரித்திருக்கிறார்களா என்று பார்த்தேன்.

எழுதியவர் ஒரு வாத்தியாராம். ஊஞ்சக்காட்டில் ஓராசிரியர் பள்ளி திறந்து எட்டு மாதம் ஆகிறதாம். பிள்ளைகள் தங்கள் ஊரின் பூகோளமும் சரித்திரமும் எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மலாக்காவிலிருந்து கப்பலேறித் திரும்பிய ஒருவர் என் விலாசத்தைக் கொடுத்தாராம். ஊர் எப்போது தோன்றியது, முதலில் வந்தவர்கள் யார், என்ன விளைந்தது என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாம் சாதுவான கேள்விகள். கடைசிக் கேள்வியில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

'பாறைக் கிணற்றில் புதன்கிழமைகளில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தங்களுக்குத் தெரியுமா?'

எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது நாச்சிமுத்துவுக்கும் தெரியும். நாச்சிமுத்து என் பெரியப்பா மகன், அண்ணன் முறை. வாத்தியார் கையைப் பிடித்து அவன்தான் எழுத வைத்திருக்கிறான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். பூகோளமாவது சரித்திரமாவது. பூனை எதற்குக் கண்ணை மூடிக்கொள்கிறது என்று எனக்குத் தெரியாதா?

2

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஊஞ்சக்காடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. பக்கத்துக் கிராமத்துக்காரனுக்கே தெரியாது. நாமக்கல்லிலிருந்து ஒரு பகல் நடை. பெயர் இருக்கிறதே தவிர ஊர் கிடையாது. தெருவும் கோயில் மைதானமும் கடையும் அங்கே இல்லை. இருப்பது பதினொரு வீடு. ஒவ்வொன்றும் அவரவர் காட்டுக்குள் தனியாக நிற்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கூப்பிடு தூரம். காற்று எதிர்த்து அடித்தால் கூப்பிட்டாலும் கேட்காது.

மேற்கே மொட்டைப் பாறை. பாறையை ஒட்டிச் செம்மண், அதற்குக் கீழே ஒரு முழத்தில் சுக்கான்கல். கலப்பை அதில் மோதும் சத்தம் எனக்கு இன்றும் பல்லில் கூசும். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழையை அங்கே அங்குலத்தில் அளப்பதில்லை, உழவில் அளப்பார்கள். ஈரம் கலப்பைக் கொழு இறங்குமளவு போயிருந்தால் ஒரு உழவு மழை. இரண்டு உழவு மழை பெய்தால் அந்த வருடம் கல்யாணம் பேசலாம். சோளம், கம்பு, கொள்ளு, ஆமணக்கு ஆகியவைதான் விளைச்சல். கிணற்றுத் தண்ணீர் பாயும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மிளகாய்.

கிணறுகள் நாலைந்து உண்டு. பங்குனி பிறந்தால் எல்லாவற்றிலும் தரை தெரியும். வற்றாதது பாறைக் கிணறு ஒன்றுதான். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இறங்கிச் சால் இழுக்கும் கவலை ஏற்றம். அதில் நாச்சிமுத்துவுக்கு மூன்று நாள் முறை, கீழ்க்காட்டுக்காரர்களுக்கு மூன்று நாள், எனக்கு ஒரு நாள், புதன்கிழமை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் முறை தவறாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். கிணற்று மேட்டுக் கல்லில் வரிசையாக ஏழு குழி. ஞாயிறு முதல் குழி. தினமும் விடிந்ததும் யார் முதலில் வருகிறாரோ அவர் கூழாங்கல்லை அடுத்த குழிக்கு நகர்த்திவிடுவார். கல் நாலாம் குழியில் இருந்தால் என் நாள். ஒருவன் முறையில் இன்னொருவன் கவலை பூட்டுவதை அங்கே திருட்டு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், அதற்கும் கீழான செயல் என்பார்கள்.

3

சரித்திரம் என்று பார்த்தால் இரண்டு அண்ணன் தம்பிகள் பஞ்சத்துக்குத் தப்பி வந்து பாறையடியில் குடிசை போட்டார்கள். அவர்களுடைய பேரன்கள் நாங்கள். மீதிச் சரித்திரம் நான் மலாயாவுக்கு வந்த கதைதான்.

அந்த வருடம் மழை அரை உழவுகூட இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் நாமக்கல் போய், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியைப் பார்த்துப் பெயர் கொடுத்தேன். புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது கிணற்று மேட்டில் வாய்க்கால் நனைந்திருந்தது. கூழாங்கல் நாலாம் குழியில். மாடு இறங்கும் சரிவான கவலை வாரியில் குளம்படி புதிதாக இருந்தது. அவை நாச்சிமுத்துவின் மாடுகள். அவற்றில் ஒன்றுக்கு இடது பின்கால் கோணல், தடம் பார்த்தாலே தெரியும்.

நான் கத்தினேன். கூப்பிடு தூரத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். நாச்சிமுத்து வந்து ஒன்றும் பேசாமல் நின்றான். பேசாதவன் திருடன்தானே என்று எனக்கு இன்னும் கொதித்தது. குனிந்து ஒரு கை மண்ணை வாரினேன்.

"நான் திரும்பி வந்து எங்கையால கவலை பூட்டற வரைக்கும் புதங்கெழம இந்தக் கெணத்துல சாலு எறக்குனாலும் சரி, கொடம் எறக்குனாலும் சரி, அவங் காடு கரிஞ்சு போவட்டும்!"

மண்ணைக் கிணற்றுக்குள் தூற்றினேன். மண் வாரித் தூற்றிய சொல்லை அங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலையில் புறப்பட்டுவிட்டேன். போகிற வழியில் என் காட்டைப் பார்த்தேன். மிளகாய் நாற்று பச்சையாக நிமிர்ந்து நின்றது. இவ்வளவு நல்ல நாற்றை விட்டுப் போகிறோமே என்று வயிறு எரிந்தது. அவன் அதையும் அனுபவிப்பான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

4

இங்கே நான் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கிறவன். தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டி, ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று பிழைத்து, பிறகு டவுனுக்கு வந்து கிடைத்த வேலை. காலையில் காஜா பெராங்கில் கிளம்பினால் செமாபோக் வரை சைக்கிள். மீட்டர் முள் நிற்கிறது, வீட்டில் மட்டும் குழாய் ஓடுகிறது என்றால் எங்கோ திருட்டுக் குழாய் இருக்கிறது. சுவரில் ஈரம் தெரிந்தால் போதாது, அந்த ஈரம் எங்கே போய் முடிகிறது என்று தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். என்னுடன் வேலை செய்கிறவர்கள் எனக்குப் 'போலீஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வாத்தியாரையும் அப்படித்தான் சோதித்தேன். 'நீர் ஊஞ்சக்காட்டில்தான் இருக்கிறீர் என்பதற்கு என்ன அத்தாட்சி? பாறைக் கிணற்று மேட்டில் என்ன இருக்கிறது என்று எழுதும்' என்று ஒரு கடிதம் போட்டேன். கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கோபமில்லாத மனிதர். 'ஏழு குழி உள்ள ஒரு கல். இன்றும் கூழாங்கல்லை நகர்த்துகிறார்கள். நாலாம் குழியில் யாரோ அரளிப்பூ வைக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் புதன்சாமி என்கிறார்கள். புதன்சாமி கோபக்கார சாமியாம். முதல் வருடம் கீழ்க்காட்டில் ஒருவர் ஒரு குடம் இறைத்தாராம், அந்த வாரமே அவர் பசு செத்துப்போனதாம். அதிலிருந்து யாரும் தொடுவதில்லை. இந்த வருடமும் மழை இல்லை. புதன்கிழமைகளில் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் போய்விடுகிறார்கள். அன்று என் பள்ளியில் நானும் நாற்காலியும்தான்.'

படித்துவிட்டு உரக்கச் சிரித்தேன். உயிரோடு இருக்கும்போதே என்னைச் சாமியாக்கிவிட்டார்கள், அதுவும் தண்ணீர் தராத சாமி! பிறகு சிரிப்பு நின்றது. இருபத்தோரு வருடமாக நாச்சிமுத்து புதன்கிழமையைத் தொடவில்லையா? திருடன் எப்படித் தொடாமல் இருப்பான்? இதில் ஏதோ சூது இருக்கிறது.

அடுத்த வீடு தேவி பீபிக்கின் வீடு. வயதில் மூத்த பெண்களை இங்கே பீபிக் என்பார்கள். அவர்கள் மலாக்காச் செட்டிகள். எப்போதோ கப்பலேறி வந்த தமிழ் வணிகர்களின் வழி, பரம்பரையாக இங்கேயே வேரூன்றியவர்கள், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும், ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் முன்னோருக்கு இலை போட ஒருபோதும் தவறமாட்டார்கள். போன பொங்கலுக்குப் பார்த்தேன், எல்லா இலைக்கும் தள்ளி மூலையில் ஓர் இலை, அதில் ஓர் அவித்த முட்டையும் வெற்றிலையும். யாருக்கு என்று கேட்டேன்.

"தா தாவு. டாரி டூலு மாச்சாம் து" என்றார். தெரியாது, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று அர்த்தம்.

குடும்பத்தில் நடந்த ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். வாத்தியாரின் கடிதம் கையில் இருக்கும்போது அது நினைவுக்கு வந்தது. காரணம் தெரியாமலே ஒன்றைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பீபிக்கிடம் அந்த முட்டைக்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

5

அந்தச் சமயத்தில்தான் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன். ஆபீசில் கூப்பிட்டார்கள். என் மகள் கமலாவும் கூட வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். என் மலாய் கடைத்தெருவுக்குத்தான் போதும், காகிதத்துக்குப் போதாது.

குமாஸ்தா நல்ல மாதிரியான மலாய்க்கார இளைஞர். பிறந்த ஊர் என்ற இடத்தில் ஊஞ்சக்காடு என்று எழுதியிருந்ததைப் பார்த்து, எத்தனை வீடு என்று கேட்டார். பதினொன்று என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் பிறந்த கம்போங்கில் ஒன்பதுதானாம், அதற்குத்தான் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "மாவ் பாலேக் கம்போங் கா?" ஊருக்கே திரும்பிப் போகிற எண்ணம் இருக்கிறதா என்று. இங்கேயே நிரந்தரமாக இருப்பேன் என்று உறுதி சொன்னால்தான் குடியுரிமை.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். நான் திரும்பி வந்து என் கையால் கவலை பூட்டும் வரைக்கும் என்பது என் சொல். இந்த மேசையில் திரும்ப மாட்டேன் என்று சொன்னால் அந்தக் கிணறு என்றைக்கும் புதன்கிழமை திறக்காது. பிள்ளைகள் குடத்தோடு இரண்டு மைல் நடந்துகொண்டே இருப்பார்கள். இரண்டு சத்தியத்தில் ஒன்றை நான் முறிக்க வேண்டும்.

"அப்பா, பதில் சொல்லுங்க லா. அவரு காத்துக்கிட்டு இருக்காரு" என்று கமலா முழங்கையால் இடித்தாள்.

"தீடாக்" என்றேன். இல்லை.

வெளியே வந்து சாலையோர மரத்தடியில் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை. அவளுக்கு ஊஞ்சக்காடு என்பது மனுவில் நிரப்ப வேண்டிய ஒரு சொல், அவ்வளவுதான். நிதானமாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"அந்தத் தண்ணி எங்கப்பா போச்சு?"

"எங்க போவும்? அவங் காட்டுக்குத்தான்."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா? வாய்க்கா நனைஞ்சிருந்துச்சு, தடம் இருந்துச்சு..."

"நீங்கதானே சொல்வீங்க, செவரு நனைஞ்சா மட்டும் பத்தாது, தண்ணி எங்க போயி நிக்குதுன்னு பாக்கணும்னு. வீட்டுல தெனமும் அதே பேச்சுதானே."

பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று அதட்டினேன். இந்த நாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு வாய் நீளம் என்று இதைப் படிக்கும் உங்களுக்கு எழுதலாம் என்றுகூட நினைத்தேன். அவள் முன்னால் நடந்தாள்.

6

வாத்தியாருக்குக் கடிதம் எழுதினேன். 'கிணற்று மேட்டில் எல்லாரையும் கூட்டி இதைப் படியுங்கள். செங்கோடன் ஆகிய நான் அன்று தூற்றிய மண்ணையும் சொன்ன சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டுவிட்டேன். என் முறையை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.' தண்ணீர் எங்கே போனது என்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை. இனி நாச்சிமுத்து என்னைப் பெரிய மனிதன் என்று சொல்லியே ஆகவேண்டும்.

அவன் சொன்னது வேறு. வாத்தியார் அதை அப்படியே எழுதியிருந்தார்.

"இது எந்தம்பி எழுதுனதில்லீங்க வாத்தியாரே. அவந் தப்புன்னு ஒத்துக்கறவனே இல்லீங்க. புள்ளைங்களுக்குத் தண்ணி வேணும்னு நீங்களே எழுதிப் படிக்கறீங்க. உங்க மனசு நல்ல மனசுதான், ஆனா அவஞ் சொல்ல நாங்க மீற மாட்டோம்."

கடிதத்தை வைத்துவிட்டேன். ஊரே சேர்ந்து என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் அண்ணன் என்னை இவ்வளவு சரியாக அறிந்து வைத்திருந்தான், அதுதான் தாங்கவில்லை.

கடிதத்தின் அடியில் அவன் சொன்னதாக இன்னொன்றும் இருந்தது. "அவந்தான் எழுதுனான்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அன்னிக்குப் புதங்கெழம எறச்ச தண்ணி எந்தக் காட்டுல நின்னுச்சு? கண்ணு இருந்தா பாத்திருப்பான்."

கமலா கேட்ட அதே கேள்வி.

மறுநாள் செமாபோக்கில் ஒரு வீட்டில் மீட்டர் பார்த்தேன். வீட்டுக்காரர்கள் எங்கோ போயிருந்தார்கள். வாசலில் வரிசையாக மிளகாய்ச் செடி வைத்த தகர டின்கள். தண்ணீர் இல்லாமல் இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். நான் மீட்டர் நம்பரை எழுதப் போனவன் எழுதாமல் நின்றேன். இங்கே மழைத் தேசத்திலேயே இப்படி. ஊஞ்சக்காட்டில் பங்குனி வெயிலில், சுக்கான்கல்லின்மேல், அதற்கு முந்தின வாரப் புதன்கிழமைக்குப் பிறகு நான் தண்ணீர் கட்டாத நாற்று, வெள்ளிக்கிழமை காலையில் எப்படி நிமிர்ந்து நின்றது?

ஒன்பது நாள். நான் கங்காணியிடம் பெயர் கொடுத்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்த அந்தப் புதன்கிழமை, என் முறை வீணாகக் கூடாது என்று தன் மாட்டைப் பூட்டி என் நாற்றுக்கு இறைத்திருக்கிறான். நான் வாய்க்காலைப் பார்த்தேன், குளம்படியைப் பார்த்தேன், குழியையும் கல்லையும் பார்த்தேன். பத்தடி நடந்து என் பாத்தியைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அதைக் கண்ணால் பார்த்தும் அவனைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

அந்த வீட்டுக் குழாயைத் திறந்து டின்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். மீட்டர் ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன். எனக்கு அழுகை அடங்கவில்லை.

அன்றே ஒரு வரி எழுதித் தபாலில் சேர்த்தேன்: 'என் மிளகாய் நாற்றில் நின்றது, அண்ணா.'

7

வாத்தியாரின் கடைசிக் கடிதமும் என் குடியுரிமைக் காகிதமும் ஒரே வாரத்தில் வந்தன. காகிதத்தைக் கமலா சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்கிறாள். நான் நாலு முறை படித்துப் பார்த்தேன், பெயரில் எழுத்துப்பிழை ஏதும் வைத்திருக்கிறார்களா என்று. இல்லை.

அந்த ஒரு வரியைக் கிணற்று மேட்டில் வாசித்ததும் நாச்சிமுத்து தலைத்துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டானாம். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று வாத்தியார் கேட்டதற்கு, "மண்ண வாரிட்டானுங்களே. வாருனதுக்கப்பறம் என்னத்தச் சொல்றது?" என்றானாம். நாலாம் குழியிலிருந்த அரளிப்பூவை ஒரு பிள்ளை எடுத்து எறியப் பயந்ததாம். அதை அவனே எடுத்துக் காதில் செருகிக்கொண்டானாம்.

புதன்கிழமை கவலை பூட்டினார்கள். முதல் சால் தண்ணீரை யார் வாய்க்காலுக்கு விடுவது என்று பேச்சு வந்தபோது அவன் மடையை என் காட்டுப் பக்கம் திருப்பினானாம். என் காடு இருபத்தோரு வருடமாகத் தரிசு. கள்ளியும் ஊஞ்சச் செடியும்தான். ஒரு பயிர் இல்லை. அங்கே போய்த்தான் தண்ணீர் நின்றதாம்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஒன்றும் விளையாத காட்டுக்கு எதற்காகத் தண்ணீர் விட்டான், இதில் என்ன இருக்கிறது என்றுதான். பழக்கம். அப்புறம் கமலாவைக் கூப்பிட்டு அந்தப் பகுதியை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். தண்ணீர் எந்தக் காட்டில் போய் நின்றது என்ற இடம் வந்ததும், இன்னொரு தடவை படி என்றேன்.